கயிறு பிடித்த மாமா

என் மாமா அமிர்தராஜுக்கு நீச்சல் தெரியாது. காவேரியில் முழங்கால் நனைந்தாலே முகம் வெளுத்துப்போய், "போதும்ப்பா, போதும்" என்று கரைக்கு வந்துவிடுவார். காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் தராசு பிடிப்பது அவர் வேலை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் என் அப்பா செபஸ்தியான், தான் தண்ணீருக்கடியில் எழுபது அடியில் இருக்கும்போது மேலே நின்று உயிர்க்கயிறு பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

அப்பா டைவர். அவருடைய பாட்டனார் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர். அடுத்த தலைமுறை பொன்மலை ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து பாலக்கரையில் குடியேறி, கடலை மறந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் என்ன கிறுக்கோ, மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய், தலையில் செம்பு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். 1955-இல் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்தபோது அவரைக் கூப்பிட்டார்கள்.

பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் மணலுக்குள் ஒரு பெரிய கிணறு இறங்க வேண்டும். மேலே சுவரைக் கட்டிக்கொண்டே உள்ளே மணலை அள்ளினால், கிணறு தன் எடையிலேயே கீழே போகும். வழியில் எந்தக் காலத்து வெள்ளத்திலோ புதைந்த மரம் குறுக்கே கிடந்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். அப்போது கிணற்றுக்குள் நிரம்பியிருக்கும் தண்ணீரில் ஒருவர் இறங்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாத கலங்கலில் தடவிப் பார்த்து, அந்த மரத்தை அறுத்து எடுக்க வேண்டும். அது அப்பாவின் வேலை.

முதலில் கயிறு பிடித்தது கம்பெனி ஆள் ஒருவர். ஒருநாள் அவர் கயிற்றை ஒரு முளையில் கட்டிவிட்டுப் பீடி குடிக்கப் போய்விட்டார். அப்பா மேலே வந்து அந்த முடிச்சைப் பார்த்தார். அன்று சாயங்காலமே நேராக மார்க்கெட்டுக்குப் போய் மாமாவின் எதிரில் நின்றார்.

"தராசைக் கீழ வைங்க மச்சான். என்கூட வேலைக்கு வாங்க."

முத்துக் குளிக்கிறவர்கள் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். கூடப்பிறந்தவனை நம்பிக்கூட இறங்க மாட்டார்களாம். தன் தங்கை தாலியை இழப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்பது காரணம். அப்பா இதைச் சொன்னதும் என் அம்மா பாக்கியமேரி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "நீ பிடிச்சாத்தான்ண்ணே நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள். மாமாவுக்கு அம்மா ஒரே தங்கை. மறுவாரமே மண்டி வேலையை விட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்தாலே நடுங்கும் அந்த மனிதர் கொள்ளிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த டைவிங் உடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் பூசிய கித்தானில் கழுத்து முதல் பாதம் வரை ஒரே துணியாக இருக்கும். மணிக்கட்டில் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. கம்பளிச் சட்டையோடு இறங்கி, அதே கம்பளிச் சட்டை காய்ந்தபடி ஏறி வருவார் அப்பா. மேலே இரண்டு பேர் சக்கரம் சுற்றுகிற பம்ப், குழாய் வழியாக ஹெல்மெட்டுக்குக் காற்று அனுப்பும். அந்தக் காற்று மூச்சுக்கும் ஆகும், உடைக்குள்ளும் இறங்கும். காதோரத்தில் ஒரு வால்வு இருந்தது. திறந்தால் காற்று வெளியே போகும். மூடினால் உடை உப்பும்.

வித்தை முழுக்க அந்த வால்வில்தான் இருந்தது. காற்று குறைந்தால் தண்ணீர் உடையோடு சேர்த்து ஆளைப் பிழியும். நெஞ்சு நோகும், கால் மணலில் புதையும். காற்று கூடினால் ஆள் தரையில் நிற்காமல் கிளம்பிவிடுவார். "நெஞ்சுக்குழி வரைக்கும் காத்து இருக்கணும் மச்சான். அதுக்கு மேல நான் மனுஷன், அதுக்குக் கீழ நான் ஈயம்" என்பார் அப்பா. நெஞ்சிலும் முதுகிலும் நாற்பது நாற்பது ராத்தல் ஈயக்கட்டி. பூட்ஸ் ஒவ்வொன்றும் பதினாறு ராத்தல்.

மாமா முதல் வாரம் என்ன செய்தார் தெரியுமா? யாரும் கேட்காமலே அந்த ஈயத்தையெல்லாம் ஒரு கூடையில் போட்டு மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய், தன் பழைய தராசில் நிறுத்துப் பார்த்தார். வலது பூட்ஸ் அரை ராத்தல் குறைவு. கொல்லனிடம் கொடுத்துச் சரிசெய்து கொண்டுவந்தார். அப்பா அதை மாட்டிக்கொண்டு இறங்கி ஏறியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை நாளா நான் ஏன் ஒரு பக்கமாவே சாயறேன்னு இப்பத்தான் தெரியுது. ஆத்தைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன்!" மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் அப்பா பயப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. காற்று எப்போதும் உடையில் உயரமான இடத்தைத் தேடிப் போகும். ஆள் நேராக நின்றால் அது ஹெல்மெட்டில் இருக்கும். படுத்து, கால் தலையைவிட மேலே போய்விட்டால், காற்று காலுக்கு ஓடிவிடும். வேட்டி துவைக்கும்போது காற்று மாட்டிக்கொண்டு புஸ்ஸென்று நிற்குமே, இங்கே அமுக்கினால் அங்கே கிளம்புமே, அதே கதைதான் என்று அம்மா துவைக்கும் தொட்டியிலேயே அப்பா மாமாவுக்குச் செய்து காட்டினார். கால் உப்பிவிட்டால் ஆள் தலைகீழ். வால்வு இருப்பது தலையில், காற்று இருப்பது காலில். அப்புறம் திறந்து என்ன பிரயோசனம்? கால் முன்னால், தலை பின்னால் மேலே பறக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் கெண்டைக்காலில் கயிறு கோத்து இறுக்குவது. அதை மாமாதான் இறுக்குவார். முழங்காலுக்கு மேல் இறுக்கினால் ஆள் குனிய முடியாது. அந்த இடத்தில் காற்று புக எப்போதும் வழி இருந்தது.

கயிற்றுப் பேச்சு சுலபமானது. மாமா ஒரு தடவை இழுத்தால் "நல்லா இருக்கீங்களா" என்று அர்த்தம். அப்பா ஒரு தடவை இழுத்தால் "இருக்கேன்". பதில் வரவில்லை என்றால்? மாமா தினமும் இதையே கேட்டு அப்பாவைத் துளைத்தார். அப்பா ஒரு கடிகாரம் கொடுத்தார். இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை எந்தக் கையால் பார்ப்பது என்று மாமா திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் அப்பா சொன்னார்:

"பத்து பிரியதத்த மந்திரம் சொல்லுங்க. ஜெபமாலையில சொல்ற மாதிரி நிதானமா. பத்து முடிஞ்சும் நான் இழுக்கலேன்னா, எனக்குக் காத்துப் பத்தலேன்னு வைச்சுக்கிட்டு பம்பை வேகமாச் சுத்தச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் எப்படியும் நிமிர்ந்துடுவேன். கீழ நானும் உங்ககூடச் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பேன்."

மாதாவை நோக்கிய அந்த ஜெபத்தைப் பத்து தடவை நிதானமாகச் சொன்னால் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரே கோயிலில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிறு வயதிலிருந்து சொன்னவர்கள் இரண்டு பேரும். ஒருவர் வேகம் இன்னொருவருக்குத் தெரியும். இரண்டு வருஷம் இது தவறவே இல்லை.

1957 முடிந்து அடுத்த வருஷம் பிறக்கும் சமயம். கிறிஸ்துமஸ் லீவு. எனக்கு ஒன்பது வயது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவோடு இருக்கலாம் என்று கொள்ளிடக் கரைக் கொட்டகைக்கு வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். என்ஜினியர் ரங்கசாமி ஐயங்கார் இரண்டு நாள் லீவு போட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். சூப்பர்வைசர் தர்மராஜ்தான் பொறுப்பு. ஏழாவது கிணற்றின் அடியில் ஒரு மரம் கிடந்தது. அப்பா காலை எட்டு மணிக்கு இறங்கி, மூன்று மணி நேரமாக அதை அறுத்துக்கொண்டிருந்தார்.

இதற்கப்புறம் நடந்ததை மூன்று பேர் வாயிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டுத்தான் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்பா கிணற்றுச் சுவரின் இரும்பு விளிம்புக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலை தாழ்வாக, கால் கொஞ்சம் உயரமாக. வேறு வழியில் ரம்பம் எட்டாது. காலுக்குக் காற்று போகக் கூடாது என்று வால்வை நிறையவே திறந்து வைத்து, உடையை ஒட்டிப்போக விட்டு, நெஞ்சு நோக நோக அறுத்தார். அப்போது மாமா கயிற்றை இழுத்தார். கயிறு கிளையில் மாட்டியிருந்தது; கிளை அசைந்ததில்தான் அப்பாவுக்கு அது தெரிந்தது. பதிலுக்கு இழுக்க வேண்டுமானால் ரம்பத்தை விட்டுவிட்டு எழுந்து எடுக்க வேண்டும். இன்னும் நாலு இழுப்பில் மரம் அறுந்துவிடும். பத்து மந்திரம் இருக்கிறதே என்று அப்பா அறுத்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தார்.

மேலே மாமாவுக்குக் கயிறு செத்த கயிறாகத் தெரிந்தது. அவரும் ஆரம்பித்தார். பயந்தவன் வாயில் ஜெபம் நிதானமாகவா வரும்? வார்த்தைமேல் வார்த்தை ஏறி, பாதி முழுங்கி, ஓட்டமாய் ஓடியிருக்கிறது. நான் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

அப்பா ஆறாவதில் இருந்தார். மாமா பத்தை முடித்துவிட்டார்.

"வெள்ளைச்சாமி, சுத்துடா! வேகமாச் சுத்துங்கடா!"

பம்ப் ஆட்கள் வெள்ளைச்சாமியும் மூக்கனும் நல்லவர்கள். உயிர் போகிற மாதிரி சுற்றினார்கள். படுத்திருந்த அப்பாவுக்குள் காற்று வெள்ளமாகப் பாய்ந்து, உயரமாக இருந்த காலுக்கு ஓடியது. தொடை உப்பியது. முப்பத்திரண்டு ராத்தல் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கால் மேலே கிளம்பியது. எழுபது அடியையும் தலைகீழாக ஒரே மூச்சில் வந்து, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு பூட்ஸ்தான் முதலில் எழும்பின. அம்மா அலறியது என் காதில் இப்போதும் இருக்கிறது.

இழுத்து மேடையில் போட்டு ஹெல்மெட் கண்ணாடியைத் திருகி எடுத்தபோது அப்பாவின் மூக்கில் ரத்தம். ஆனால் சிரித்தார். "என்ன மச்சான், பத்தும் சொன்னீங்களா? எக்ஸ்பிரஸ் வண்டியில வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். மாமா அழுதுகொண்டே அவர் முகத்தைத் துடைத்தார். அம்மா டீ கொண்டுவந்தாள். அப்பா பிழைத்துவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

டீ பாதி குடிக்கும்போது அப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் முட்டியை. பிறகு தொடையில் ஊசி குத்துகிறது என்றார். எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மெட்ராஸில் இதைப் பார்த்தவர் அவர்.

"மச்சான், ஹெல்மெட்டை மாட்டுங்க. என்னை மறுபடியும் இறக்குங்க."

யாருக்கும் புரியவில்லை.

"ஆழத்துல ரொம்ப நேரம் இருந்துட்டு இப்படித் திடீர்னு வந்தா, உடம்புக்குள்ள போன காத்து முதுகுத் தண்டுல கொப்புளமா நிக்கும். திரும்ப ஆழத்துக்குப் போனா அது கரையும். எழுபது அடிக்கு இறக்குங்க. வலி போனதும் பத்து பத்து அடியா, நிறுத்தி நிறுத்தித் தூக்குங்க. சாயங்காலம் ஆனாலும் ஆகட்டும். இப்பவே செய்யணும். ஒரு மணி நேரம் போயிட்டா என் கால் ரெண்டும் போயிடும் மச்சான்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஒன்பது வயதுக் குழந்தை எனக்கே புரிந்தது. ஆனால் அம்மா, "அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு! மூக்குல ரத்தம் வருது, மறுபடி தண்ணிக்குள்ள போறேங்கறாரு!" என்று மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, விடாதேண்ணே. உன் கால்ல விழறேன்."

மாமா தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் கையைப் பிசைந்தார். "என்ஜினியர் இல்லாம நான் என்னங்க சொல்றது? கயிறு உங்க கையில இருக்கு. நீங்க சொன்னா இறக்குவோம்."

அப்பா மேடையில் படுத்தபடி மாமாவின் வேட்டி நுனியைப் பிடித்தார். "அவ சொல்றதைக் கேக்காதீங்க. உங்களை எதுக்குக் கூட்டி வந்தேன்? நான் சொல்றேன், இறக்குங்க."

மாமா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். என்னென்ன நினைத்தாரோ. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், பிற்பாடு அவரே சொன்னார்: "ஒரு தடவை என் அவசரத்தால கெட்டுச்சு. அந்தக் கையை நானே நம்பல." அவர் குனிந்து அப்பாவின் நெஞ்சு ஈயத்தை அவிழ்த்தார். கெண்டைக்கால் கயிற்றை அவிழ்த்தார். உடையை உருவி மூக்கன் கையில் கொடுத்தார்.

"லாரியை எடுக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அப்பா கத்தினார். கெட்ட வார்த்தை அவர் வாயில் நான் கேட்டது அன்றைக்குத்தான். மணல் லாரியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தோம். ஸ்ரீரங்கத்தில் ரோடு முழுக்க ஜனம். மாட்டு வண்டிகளும் பஸ்களும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நின்றன. லாரி ஒரு அடி நகரும், பத்து நிமிஷம் நிற்கும். சுற்றிலும் ரங்கா, ரங்கா என்று கோஷம். அப்பா கத்துவதை நிறுத்திவிட்டார். தன் தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். காவேரிப் பாலம் தாண்டும்போது கிள்ளுவதையும் நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நல்ல மனிதர். இந்த மாதிரி கேஸைத் தான் பார்த்ததே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பாலக்கரை வீட்டுக்குக் கட்டிலில் வந்தார் அப்பா. இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் இல்லை. மூத்திரம் போவது தெரியாது. எறும்பு கடிப்பது தெரியாது. "பூட்ஸை இன்னும் கழட்டலையா மச்சான்? கனமா இருக்கே" என்று சில நாள் கேட்பார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதா என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

மாமா மண்டிக்கே திரும்பிப் போனார். ஆனால் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் முன் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். குளிப்பாட்டுவார். மலம் எடுப்பார். முகம் சுளித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அத்தையையும் பிள்ளைகளையும் அவர் எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு புரட்டியும் புண் வந்தது. முதுகில் என் கை போகிற அளவுக்குக் குழி. அந்த வாசனை எங்கள் சோற்றில்கூட இருந்தது. அப்பா வருஷத்துக்கு வருஷம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரெல்லாம் மாமாவைப் புகழ்ந்தது. அம்மா எல்லாரிடமும் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில், கோயிலில், அவளிடம் தைக்கத் துணி கொண்டுவருகிற பெண்களிடம். "இவரு மறுபடியும் தண்ணிக்குள்ள விடச் சொல்லி அடம் பிடிச்சாரு. எங்கண்ணன் மட்டும் விட்டிருந்தா அன்னைக்கே என் கழுத்து மூளியாகியிருக்கும்." மாதா திருநாள் பிரசங்கத்தில் சாமியார்கூட, தங்கையின் குடும்பத்தைக் காத்த அண்ணன் என்று பெயர் சொல்லாமல் சொன்னார். எல்லாரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று அதையும் புகழ்ந்தார்கள். அப்போது அவருக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. சந்தேகம் மட்டும் இருந்திருக்கும். அப்பாவிடம் கேட்கவும் பயம்.

1964-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்த டைவர் ஒருவர் வேறு ஏதோ வேலையாகத் திருச்சிக்கு வந்தவர், விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நரைத்த மீசை, ஆஜானுபாகுவான உடம்பு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். விருந்தாளிக்கு மீன் வாங்கக் கூடையோடு ஓடினாள். நான் உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

வந்தவர் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு தடவை வந்துச்சு செபஸ்தியான். ஒரு தடவை இடுப்புக்குக் கீழ சுத்தமாப் போச்சு. அப்பவே திரும்ப இறக்கிட்டாங்க. அஞ்சு மணி நேரம் கீழ உக்காந்திருந்தேன். ஏறி வந்து நடந்தே வீட்டுக்குப் போனேன். உனக்குத்தான் தெரியுமே. உன்னை ஏன் இறக்கல?"

அம்மியில் என் கை நின்றுவிட்டது. விசிறியும் நின்றது எனக்குக் கேட்டது.

அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு பம்ப் ரிப்பேர்."

"அட பாவமே" என்றார் அவர். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே எழுந்து போனார்.

"பம்ப் நல்லாத்தானே இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் மாமா.

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் இறக்கியிருந்தா நடந்திருப்பீங்களா?"

"இப்ப அது எதுக்கு மச்சான்?"

"சொல்லுங்க. ஆறு வருஷமா உங்களைக் கேக்க நினைச்சு நினைச்சு முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

அப்பா முகத்தை மாமா பக்கம் திருப்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நடந்திருப்பேன். ராவும் பகலும் அதை ஒண்ணைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். மேரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கையைப் பிடிச்சது அவ. தெரிஞ்சா தாங்க மாட்டா."

மாமா நிமிர்ந்தபோது கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். எனக்குப் பதினாறு வயது. அவர் மேல் பாய்ந்து பிறாண்ட வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அம்மிக்கே திரும்பிப் போனேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். விருந்தாளிக்கும் மாமாவுக்கும் அம்மா பரிமாறினாள். அவளுக்கு அன்று பேச்சு நிற்கவே இல்லை. "எங்கண்ணனைப் பத்திச் சொல்லணுங்க. அன்னைக்கு இவரு மறுபடி இறக்கச் சொல்லி ஒரே கத்தல். அத்தனை பேரும் தயாரா நிக்கறாங்க. எங்கண்ணன்தான் விடவே இல்லை" என்றாள்.

விருந்தாளியின் கை இலையில் நின்றது. அவர் முதலில் கட்டிலில் இருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணை எடுக்காமல். பிறகு அவர் மாமாவைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

"ஆமாம்மா" என்றார் மெதுவாக. "இறக்கியிருந்தா உயிர் போயிருக்கும். நல்ல காரியம் பண்ணினாரு."

அம்மா முகம் மலர்ந்துபோய், பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மாமாவின் இலையில் வைத்தாள். மாமா அதைப் பிட்டுச் சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். நான் சமையலறையில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

அப்பா 1966 ஜனவரியில் போனார். புண் உள்ளே எலும்பு வரை போய், ஜன்னி கண்டு, இருபது நாள் அரற்றினார். கடைசி இரண்டு நாள் "இறக்குங்க, இறக்குங்க" என்றுதான் சொன்னார். கட்டிலிலிருந்து கீழே படுக்க வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து அம்மா தரையில் பாய் விரித்தாள். மாமா அவரைத் தூக்கி அந்தப் பாயில் கிடத்தினார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் ஜனம் கலைந்தபோது அம்மா மாமாவின் தோளில் விழுந்து கதறினாள். "எட்டு வருஷம் கூடக் குடுத்தியேண்ணே எனக்கு! நீ இல்லேன்னா எனக்கு இந்த எட்டு வருஷமும் கெடைச்சிருக்காதே!"

மாமா அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே நின்றார். "அழாத தங்கச்சி" என்றார். அவருடைய இன்னொரு கை என் கையைத் தேடிப் பிடித்தது. அதை நான் உதறவும் இல்லை, பதிலுக்குப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.